ஒரு நாளில் எத்தனை முழுக்கு?

மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) நடந்த காலத்தில் ஒரு குளியாள் ஒரே நாளில் நாற்பது ஐம்பது தடவை கடலடிக்குப் போய்வந்தார். இலங்கையைப் பற்றி 1803இல் நூல் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல் தரும் கணக்கு இது. அவர் விவரிக்கும் தோணியில் குளியாட்கள் பத்துப் பேர். ஐவர் இறங்கினால் மற்ற ஐவர் மேலே இளைப்பாறுவார்கள். கல் கட்டிய கயிற்றைக் கால்விரல்களில் பற்றி, வலைப்பையோடு, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவது வழக்கம். ஆழம் ஐந்து முதல் பத்துப் பாகம்; பாகம் ஒன்றுக்கு ஆறடி. ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை அள்ளிக் கயிற்றை அசைத்தால் தோணியில் நிற்பவர் இழுத்துவிடுவார். நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் அன்றைய வேலை முடிந்தது.

மூக்கிலும் காதிலும் இரத்தம் வடிய மேலே வந்தவர்களும் உண்டு. ஆனாலும் முறை மாற்றி இறங்கியதால் ஒவ்வொரு முழுக்குக்கும் நடுவே ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்வின் அருமை பசிபிக் கடலின் துவாமோட்டு தீவுகளைப் பார்த்தால் விளங்கும். அங்கே முத்துச்சிப்பி எடுத்தவர்கள் 30 மீட்டருக்கும் கீழே, சில நிமிட இடைவெளியில், மணிக்கணக்கில் மூழ்கினார்கள். தலைசுற்றல், பக்கவாதம், சில வேளை மரணம் என்று வந்த நோயை அவர்கள் ‘தாரவானா’ என்றார்கள். மங்கரேவா தீவில் பத்து நிமிடத்துக்கு மேல் இளைப்பாறி இறங்கியவர்களுக்கு அது வரவில்லை.

காரணம் நைட்ரஜன். பத்து மீட்டர் ஆழத்திலேயே உடலின் மேல் அழுத்தம் இரட்டிப்பாகிறது. சுவாசித்த நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. விரைந்து மேலேறினால் குமிழியாக வெளிவருகிறது. மூச்சடக்கிக் குளிப்பவருக்கு நுரையீரலில் உள்ள காற்றுதான் எல்லை. அழுத்தக் காற்றைச் சுவாசிப்பவருக்கு அந்த எல்லை இல்லை, ஆபத்தும் அங்கேதான் கூடுகிறது. உடலியங்கியல் ஆய்வாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, இடையிடையே நின்று மேலேறுவதற்கான அட்டவணையை 1908இல் வெளியிட்டார்.

ஒரே நாளில் மறுபடி மூழ்குவதற்கான கணக்கு 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படை அட்டவணையில் முறையாக அமைந்தது. முதல் முழுக்கில் உடலில் தங்கிய நைட்ரஜன் அடுத்த முழுக்கின் நேரத்திலிருந்து கழிக்கப்பட்டது. 18 மீட்டரில் 60 நிமிடம் முழுதாக இருந்துவிட்டு ஒரு மணி நேரமே ஓய்ந்தவருக்கு, அதே ஆழத்தில் அடுத்த முறை கால்மணி நேரம்கூடத் தேறாது. தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் நடந்த 1961இல் இந்தக் கணக்கு ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. இன்றைய பொழுதுபோக்கு ஸ்கூபாவும் இதே அடிப்படையில்தான் நடக்கிறது. நாளுக்கு இத்தனை என்று வரையறுத்த எண் கிடையாது. ஆழம் குறைவாகவும் ஓய்வு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமலும் இருந்தால் மூன்று நான்கு முழுக்குகள் வழக்கம்.

புனேயிலிருந்து மகாராஷ்டிரக் கடற்கரையிலுள்ள தார்கர்லிக்கு ஸ்கூபா முழுக்குக்காகப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அம்போலி வழியாகத் திரும்பினால் மலைப்பாதை ஏறக்குறைய 690 மீட்டர் உயரம். புனேயே 560 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் எஞ்சிய நைட்ரஜன் அங்கேயும் குமிழியாகலாம். விமானமேற, ஒரு முழுக்குக்குப் பின் 12 மணி நேரமும் பல முழுக்குகளுக்குப் பின் 18 மணி நேரமும் பொறுக்க வேண்டும் என்பது பரிந்துரை. 600 மீட்டரைத் தாண்டும் மலைப்பாதைக்கும் அதையே கைக்கொள்வது நல்லது.