உளியின் வாய்: சூசையப்பரின் பட்டறை முதல் நமது பீடம் வரை

ஜூபிலி மலர் என்றால் அதில் சில பெயர்கள் தவறாமல் இடம்பெறும். அடிக்கல் நாட்டிய ஆயர், கட்டி முடித்த குருக்கள், மணி வாங்கித் தந்த குடும்பம், சுரூபம் நேர்ந்து வைத்தவர் ஆகிய அனைவரும் நம் நன்றிக்குரியவர்களே. ஆனால் பீடத்தையும் கதவுகளையும் பாவசங்கீர்த்தனத் தொட்டியையும் தம் கையால் செய்தவர்களின் பெயர் எந்த மலரிலும் காணப்படுவதில்லை. பழைய கணக்கேட்டைப் புரட்டினால் ‘தச்சுக் கூலி’ என்ற இரு சொற்களும் எதிரே ஒரு தொகையும் இருக்கும். அவ்வளவுதான்.

ஆயினும் அவர்கள் எழுத்து அழிந்துவிடவில்லை. நமது பழைய பீடத்தின் பின்புறம் சென்று, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். முன்புறம் கண்ணாடிபோல் இழைக்கப்பட்ட அதே பலகையின் முதுகில், மீன் செதிள் போன்ற சிறு குழிகள் வரிசை வரிசையாகத் தெரியும். அவை வாய்ச்சி பட்ட தடங்கள். ஜூபிலியை முன்னிட்டுப் பழைய மரவேலைகளை எடுத்துவிட்டுப் புதியன வைக்கலாம் என்ற பேச்சு எழுந்துள்ள இவ்வேளையில், அத்தடங்களை முதலில் வாசித்துவிடுவது நல்லது. வாசிப்பதற்குக் கருவிகளின் வரலாறு சிறிதேனும் தெரிந்திருக்க வேண்டும். தச்சரைப் பாதுகாவலராகக் கொண்ட பங்கில் இதைப் பேசாமல் வேறெங்கு பேசுவது?

சூசையப்பரின் தொழிலைக் குறிக்க நற்செய்தியாளர் கையாளும் கிரேக்கச் சொல் ‘தெக்தோன்’ என்பது. மத்தேயு 13:55-இல் ஆண்டவர் ‘தெக்தோனின்’ மகன் எனப்படுகிறார். மாற்கு 6:3-இல் அவரே ‘தெக்தோன்’ எனப்படுகிறார். மரத்தில் வேலை செய்பவன், கட்டுவோன் என இரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித ஜஸ்டின் பாலஸ்தீன நாட்டில் பிறந்தவர். இயேசு ஏர்களும் நுகத்தடிகளும் செய்தார் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். நாசரேத்துப் பட்டறையை அழகிய நாற்காலிகள் நிறைந்த கடையாகக் கற்பனை செய்வோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஏரும் நுகத்தடியும் உழவன் நாள்தோறும் வதைக்கும் பொருள்கள். அவற்றில் அழகைவிடப் பொருத்துகளின் உறுதியே பெரிது.

அக்காலத் தச்சு வேலை எப்படி இருந்தது என்பதற்கு நேரான சாட்சி ஒன்று 1986-இல் கிடைத்தது. மழை பொய்த்துக் கலிலேயக் கடலின் நீர்மட்டம் தாழ்ந்தபோது, கரைச் சேற்றில் ஒரு மரப்படகு வெளிப்பட்டது. ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுள்ள அப்படகு, ஆண்டவர் வாழ்ந்த காலத்தை ஒட்டியது என்று ஆய்வாளர் கணித்தனர். அதன் பலகைகள் ஓரத்தோடு ஓரம் இணைக்கப்பட்ட விதத்தைப் பாருங்கள். இரு பலகைகளின் ஓரத்திலும் எதிரெதிரே துளை வெட்டி, நடுவே ஒரு மர நாக்கைச் செருகி, அந்நாக்கு நழுவாதபடி மர ஆணி அடித்திருக்கிறார்கள். ஒரு துளை சற்றுக் கோணினாலும் பலகை சேராது. நீர் உள்ளே வரும். அத்தனையும் உளியால் வெட்டியவை. அதைவிட மனத்தைத் தொடுவது வேறொன்று. அப்படகில் பன்னிரண்டு வகை மரங்கள் இருக்கின்றன. சில பலகைகள் வேறொரு பழைய படகிலிருந்து கழற்றி எடுக்கப்பட்டவை. புது மரம் வாங்க வசதியற்ற இடத்தில், கையில் கிடைத்ததைக் கொண்டு ஒட்டுப் போட்டு, படகை மீண்டும் மீண்டும் கடலுக்கு அனுப்பியிருக்கிறார் ஒரு தச்சர்.

அவர் கையில் என்னென்ன கருவிகள் இருந்திருக்கும்? எகிப்தில் தீப்ஸ் நகரத்து ரெக்மிரே என்னும் அமைச்சரின் கல்லறைச் சுவரில், கிறிஸ்துவுக்கு முன் 15-ஆம் நூற்றாண்டிலேயே தச்சர் கூட்டம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. அதில் வாய்ச்சி, வாள், உளி, வில்லால் சுழற்றும் துரப்பணம் எல்லாம் உண்டு. இழைப்புளி மட்டும் இல்லை. எகிப்தியர் வாய்ச்சியால் செதுக்கி, மணற்கல்லால் தேய்த்தே மரத்தை வழவழப்பாக்கினர். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இழைப்புளிகள் உரோமையருடையவை. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேயியில் சில கிடைத்துள்ளன. எனவே ஐரோப்பாவிலிருந்து வரும் படங்களில் சூசையப்பர் இழைப்புளி பிடித்திருப்பதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு முன்னால் இருக்கும் மேசையின் இரும்புத் திருகுப்பிடிதான் மிகப் பிற்காலத்தது!

உரோமையர் காலத்தைப் பற்றி அறிய மூத்த பிளினி எழுதிய இயற்கை வரலாறு பெரிதும் உதவுகிறது. அவர் எரிமலை வெடித்த அதே நாட்களில் இறந்தவர். வாளின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இருபுறமும் சாய்த்து வைப்பதால்தான் மரத்தூள் வெளியேறுகிறது என்று அவர் குறித்திருக்கிறார். சாணைக்கற்களைப் பற்றி அவர் எழுதியிருப்பது இன்னும் சுவையானது. கிரேத்தா தீவின் கல்லுக்கு எண்ணெய் வேண்டும். நக்சோஸ் தீவின் கல்லுக்குத் தண்ணீர் வேண்டும். சிலிசியாவின் கல் இரண்டுக்கும் இசையும். நாவிதர் கடைகளில் உமிழ்நீர் தொட்டுத் தீட்டும் கல்லும் உண்டு என்று வகைப்படுத்துகிறார். புனித பவுல் பிறந்த தர்சு நகரம் சிலிசியாவில் உள்ளது என்பதை வாசகர் அறிவர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தச்சன் நமக்குப் புதியவன் அல்லன். சிறுவர் விளையாடும் தேரை அவன் செய்து கொடுத்த செய்தி குறுந்தொகையிலேயே வருகிறது. மேல்நாட்டுத் தச்சர் உயர்ந்த மேசைமுன் நின்று வேலை செய்ய, நம் தச்சர் தரையில் அமர்ந்து, காலாலேயே மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கால் பெருவிரலுக்கும் வாய்ச்சியின் வாய்க்கும் இடையே இரண்டு விரற்கடை இருக்கும். அந்த வேலையைக் கண்டவர்களுக்கு அதன் துல்லியத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

கருவியின் உயிர் அதன் வாயில் உள்ள எஃகு. பழைய கொல்லர் உளி முழுவதையும் எஃகால் அடிப்பதில்லை. மெதுவான இரும்பின் நுனியில் ஒரு துண்டு எஃகைக் காய்ச்சி ஒட்டுவார். கூர் நிற்க எஃகும், அடி தாங்க இரும்பும் உதவும். நம் தென்னகத்து எஃகு உலகப் புகழ் பெற்றது. நம் ‘உருக்கு’, கன்னடத்தார் ‘உக்கு’ என்னும் சொல்லே மேல்நாட்டார் வாயில் ‘ஊட்ஸ்’ ஆயிற்று என்பர். இலண்டனில் கத்தி செய்த ஸ்டோடார்ட் என்பவர் இதை விரும்பி வாங்கினார். அவரும் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து எஃகு பற்றிச் செய்த சோதனைகளை 1820-இல் வெளியிட்டனர்.

தீட்டும் கல்லிலும் நம் பங்கு உண்டு. குருந்தக்கல்லைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்வது நம் பழைய முறை. ஆங்கிலத்தில் அக்கல்லுக்குரிய ‘கொரண்டம்’ என்ற பெயர் நம் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து சென்றது. 1890-களில் அமெரிக்காவில் ஆச்சிசன் என்பவர் மின் உலையில் செயற்கையாக ஒரு தேய்ப்புப் பொருளைச் செய்து, அதற்குக் ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். 1954-இல் சென்னையில் அப்பெயரோடு ஒரு தொழிற்சாலை தோன்றியது. இன்று இரும்புக் கடையில் ‘கார்பரண்டம் கல்’ என்று கேட்டு வாங்கும்போது, ஊர் சுற்றி வீடு திரும்பிய ஒரு தமிழ்ச் சொல்லைத்தான் உச்சரிக்கிறோம்.

சொற்களைப் பற்றிய பேச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேசை, அலமாரி, சன்னல், சாவி ஆகிய சொற்களைப் போர்த்துக்கீசியர் தந்து சென்றனர். ஈழத்தில் நாற்காலியைக் ‘கதிரை’ என்பதும் அவர்கள் தந்ததே. நன்மை வாங்க முழந்தாளிடும் ‘கிராதி’யும், வேலையை மேற்பார்க்கும் ‘மேஸ்திரி’யும் அவ்வழி வந்தவர்களே. ஆனால் உளி, வாய்ச்சி, இழைப்புளி, கொட்டாப்புளி, அரம் ஆகியவற்றின் பெயர்கள் மாறவில்லை. செய்ய வேண்டிய பொருள் கடல் கடந்து வந்தது. செய்த கையும் கருவியும் இங்கேயே இருந்தன. கோயில் தேர் செய்த மரபினரே பல ஊர்களில் நம் சப்பரத்தையும் செய்தனர். அவர்களை அழைத்த நம் முன்னோர் சமயம் கேட்டதாகத் தெரியவில்லை. வேலை தெரியுமா என்றே கேட்டிருப்பர்.

தீட்டும் முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இளைஞர் சிலராவது முயன்று பார்க்கட்டும். உளியின் வாய் என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு. சாய்வான முகத்தை மட்டும் தீட்டிவிட்டு, தட்டையான முதுகைக் கவனியாமல் விடுவோர் பலர். முதுகு சமமாக இல்லாத உளியில் எவ்வளவு தீட்டினாலும் கூர் ஏறாது. பழைய உளி வாங்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிடி உடைந்திருந்தால் பாதகமில்லை, கருவேலங்கட்டையில் புதுப்பிடி போட்டுக்கொள்ளலாம். முதுகில், வாயை ஒட்டித் துரு குழியாக அரித்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். அரத்தால் மெல்ல உரசிப் பாருங்கள்: ஆழமாகக் கடித்தால் எஃகு மெத்தனம், சிறிதும் கடிக்காமல் வழுக்கினால் வாய் பொரிந்து உதிரும்.

சாய்வு எவ்வளவு இருக்க வேண்டும்? புத்தகங்கள் 25 முதல் 30 பாகை என்கின்றன. உளியின் கனத்தைப்போல் சாய்முகத்தின் அகலம் இரு மடங்கு இருந்தால் அது 30 பாகை. கொட்டாப்புளியால் அடித்துத் தேக்கில் துளை வெட்ட அதுவே சரி. தேக்கில் மணலையொத்த சிலிக்கா இருப்பதால் கூர் விரைவில் மழுங்கும். கரடான கல்லில் தேய்த்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் மறுபக்கத்தில் வாயின் முழு நீளத்துக்கும் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும். அதற்கு முன் நிறுத்தக்கூடாது. அதற்கு மேல் தேய்ப்பது எஃகை வீணாக்குவது. பிறகு மென்மையான கல்லில் இரு முகத்தையும் மாற்றி மாற்றித் தீட்டி, தோலில் இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். இலண்டனில் மாக்சன் என்பவர் 1670-களின் இறுதியில் அச்சிட்ட கைத்தொழில் நூலிலும், முதலில் சக்கரக் கல், பின்னர் தீட்டுக்கல் என்று இதே வரிசைதான் இருக்கிறது.

மின்சாரச் சக்கரத்தில் அவசரமாகத் தீட்டுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. வாய் நீலநிறம் கண்டால் அதன் பதம் போய்விட்டது. அந்த நீலம் போகும்வரை தேய்த்தாலன்றி உளி பயன்படாது. எனவே தண்ணீரில் அடிக்கடி தோய்க்க வேண்டும். எண்ணெய் ஊற்றிய கல்லில் பிறகு தண்ணீர் ஊற்றக் கூடாது. கல்லின் நடுவிலேயே தேய்த்துப் பள்ளமாக்கினால் உளியின் வாயும் வளையும். கூரைக் கட்டைவிரலில் சோதிப்பது வீரமே தவிர விவேகமன்று. மெதுவான மரத்துண்டின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவிப் பாருங்கள். வெட்டிய இடம் பளபளத்தால் கூர் இருக்கிறது. நார் நசுங்கி வெளிறினால் மீண்டும் கல்லுக்குப் போங்கள்.

வாளைத் தீட்டுவது பொறுமையின் வேலை. நாரோடு அறுக்கும் வாளுக்குப் பற்கள் சிற்றுளிபோல இருக்க வேண்டும். குறுக்கே அறுக்கும் வாளுக்குக் கத்திமுனைபோல இருக்க வேண்டும். மூன்று பட்டை அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்ட வேண்டும். இன்று கடையில் விற்கும் வாள்கள் பலவற்றில் பற்களை மட்டும் மின்சாரத்தால் கடினமாக்கியிருக்கிறார்கள். அவற்றில் அரம் ஏறாது. மழுங்கினால் குப்பைக்குத்தான் போகும். சாணை பிடிப்பவர் நம் தெருவுக்கு வருவது அரிதாகிவிட்டதில் வியப்பென்ன?

இப்போது மீண்டும் பீடத்தின் பின்புறம் வாருங்கள். வாய்ச்சித் தடங்களின் விளிம்பு கிழியாமல் மழமழவென்று இருப்பதைக் கவனியுங்கள். காணாத பக்கத்துக்கும் அத்தச்சர் கூர் மழுங்கிய கருவியை எடுக்கவில்லை. பொருத்துகளின் ஓரத்தில் வரைந்த மெல்லிய கீறலும், எந்தச் சட்டம் எந்தத் துளைக்கு என்று உளியால் இட்ட ஒன்று, இரண்டு, மூன்று கோடுகளும் இன்னும் இருக்கின்றன. பிளைவுட்டில் இவற்றை எங்கே தேடுவது?

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–65) பிறகு பல ஆலயங்களில் கிராதிகள் அகற்றப்பட்டன. வழிபாட்டு மாற்றம் நன்மைக்கே. நான் அதற்கு மாறானவன் அல்லன். ஆனால் எடுத்த கிராதியை விறகாக்கச் சங்கம் சொல்லவில்லை. திருவழிபாடு பற்றிய 1963-ஆம் ஆண்டு ஏட்டின் 126-ஆம் எண், மதிப்புள்ள திருப்பொருள்கள் கைமாறாமலும் சிதறாமலும் ஆயர்கள் கவனமாகக் காக்க வேண்டும் என்றே கூறுகிறது. பழைய கதவுகளைப் பற்றிப் பங்குப் பேரவையில் பேசும்போது இந்த எண்ணை நான் வாசிப்பேன் என்பதை இப்போதே அறிவித்துவிடுகிறேன். கறையான் தின்ற அடிச்சட்டங்களை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அதே வகை மரத்தில் ஒட்டுப் போட முடியும். கலிலேயப் படகுக்குச் செய்ததுதான் அது.

நம் பங்கில் தச்சுத் தொழில் செய்தவர் வீடுகளில், பரண்மேல் பாட்டனார் பெட்டி ஒன்று இன்னும் இருக்கக்கூடும். அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடும் முன் பங்கு இல்லத்தில் காட்டுங்கள். வைத்துக்கொள்ள விரும்புவோர் துருவைத் தேய்த்து நீக்கி, தேங்காயெண்ணெய் மெல்லிதாகத் தடவி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைக்கவும். வாள்களைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது நல்லது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் பற்கள் கெடும். பெட்டியின் உள்மூடியில் அளவுகளோ பெயரோ கரிக்கோலால் எழுதப்பட்டிருந்தால், அதைத் துடைத்துவிடாமல் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.