ஒரு பைசா தாள் முதல் ஒரு நிமிட வீடியோ வரை

சிறுசேரி சிப்காட்டில் மாலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வெளியே வரும் நேரத்தில்தான் எங்கள் படப்பிடிப்பு தொடங்கும். படப்பிடிப்பு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு செல்போன், ஒரு ஸ்டாண்டு, கடற்காற்று இரையாமல் இருக்க மைக்கில் சுற்றிய ஒரு துண்டுத் துணி. கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்பக்கம், ஏரிக்கரையை ஒட்டிய சேரிகளில் பறை அடிப்பவர்கள், பம்பைக்காரர்கள், கூத்தாடிகள், கானா பாடும் பையன்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போய் ஒரு நிமிட வீடியோ எடுத்து வலையேற்றுகிறோம். (சேரி என்று நாம் சொல்வது உரிமையோடு. அடுத்தவர் ‘காலனி’ என்பது வேறு. அந்தச் சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஷேர் ஆட்டோக்காரர் வாயிலிருந்து இன்னும் நீங்கவில்லை.)

அப்படி நாங்கள் எடுத்ததில் முதன்முதலாக லட்சம் பார்வையைத் தாண்டியது ஒரு பெரியவரின் வீடியோ. வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சுகிறார், விரலால் சுண்டிப் பார்க்கிறார், மறுபடி காய்ச்சுகிறார், பிறகு அடிக்கிறார். இன்று பல குழுக்கள் ஃபைபர் பறைக்கு மாறிவிட்டன; அதற்கு நெருப்பு வேண்டாம், மழையிலும் சத்தம் இறங்காது. தோல் பறையைக் கைவிடாத சிலரில் இவர் ஒருவர். மூன்றாம் நாள் அவருடைய மகன் போன் செய்தார். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவர். “அண்ணா, அதை எடுத்துடுங்க. ஆபீஸ் குரூப்ல யாரோ போட்டுட்டாங்க. எங்க அப்பான்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுட்டா அப்புறம் நான் அங்க உட்காந்து சாப்பிட முடியாது.”

என்ன பதில் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்த போனிலிருந்துதான் தொடங்குகிறது. நம் கலையை யார் பதிவு செய்தார்கள், யாருக்காக, எந்தப் பெயரில் என்ற கேள்வி இந்த மாவட்டத்தில் நூற்றிமுப்பது வருடப் பழையது.

முதலில் வந்த கருவிகள் நம் கையில் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் கேமராவோடும், மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் ஃபோனோகிராஃபோடும், மூக்கை அளக்கும் கருவியோடும் மாகாணமெங்கும் அலைந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக அவருடைய சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல் வந்தது. சமூகவியல் படித்தபோது நாங்களும் அதைப் புரட்டியிருக்கிறோம். அந்தப் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் இருப்பது சாதியின் பெயர். நின்ற ஆளின் பெயர் இல்லை. ஒரு மனிதனை ஒரு சாதியின் மாதிரியாக நிறுத்திப் படம் பிடித்தார்கள். இன்று “நாட்டுப்புறக் கலைஞர்” என்று மட்டும் தலைப்பிட்டு, அடிக்கிறவரின் பெயரைப் போடாமல் ஒருவர் ரீல்ஸ் ஏற்றும்போது எங்களுக்கு அந்தத் தொகுதிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

நம்மைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் கெடுதல் நினைத்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். நிலமில்லாததும் மிராசுதாரர்களின் பிடியும் எப்படி மக்களை அடிமைகளாக வைத்திருக்கின்றன என்பதை அவர் பதிந்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். நல்ல அறிக்கை. ஆனாலும் அதில் பேசுகிறவர் ஆட்சியர். மக்கள் பேசப்படுகிறவர்கள்.

அடுத்த ஆண்டே, 1893இல், இந்தச் செங்கல்பட்டுப் பகுதியில் மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் ‘பறையன்’. வசைச்சொல்லாகத் தெருவில் எறியப்பட்ட பெயரை எடுத்துத் தாளின் தலைப்பில் அச்சடித்தார். பெயரை மறைத்துக்கொண்டு வாழும் வரை உரிமை கேட்க முடியாது என்பது அவர் எண்ணம். 1900 வரை அந்தப் பத்திரிகை நடந்தது.

அயோத்திதாசப் பண்டிதர் இதை ஏற்கவில்லை. அந்தப் பெயரே நம் மேல் சுமத்தப்பட்டது, அதை ஏன் நாமே சூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். நாம் பூர்வ பௌத்தர், சாதிபேதமற்றவர் என்று சொன்னார். 1907 ஜூன் 19 அன்று அவர் தொடங்கிய வார இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையே பெயராக இருந்தது. நாலு பக்கத் தாள். மறு வருடம் ‘தமிழன்’ ஆனது. 1914இல் அவர் மறையும் வரை அவர் கையால் வந்தது. அன்றைக்கு அதுதான் குறைந்த செலவில், சிறிய அளவில், கைமாறிக் கைமாறிப் போகிற ஊடகம். ஒருவர் வாங்கினால் பத்துப் பேருக்கு வாசித்துக் காட்டலாம். இன்று ஒரு போனில் ஓடும் வீடியோவை டீக்கடை பெஞ்சில் நாலு தலை சேர்ந்து பார்ப்பது போல.

இந்த இரண்டு பேரில் யார் சரி என்று மாணவர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. பட்டிமன்றத் தீர்ப்பு சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. இருவரும் உறவுக்காரர்கள், இருவரும் ஒரே கொடுமையைப் பார்த்தவர்கள், இரண்டு வழியைக் கண்டவர்கள். அந்த இரண்டு வழியும் பிறகு பறையின் மேல் வந்து மோதின.

1980களிலும் 90களிலும் தமிழகத்தின் பல கிராமங்களில் “இனி சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம்” என்று நம் ஆட்கள் கருவியைக் கீழே வைத்தார்கள். பறை அடிப்பது என்றால் வெறும் இசை இல்லை. எடுப்புக்குப் போ, ஊர்த் தெருவில் செருப்பில்லாமல் நட, தூரத்தில் நின்று கூலி வாங்கு என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த வேலை. மறுத்தவர்களுக்கு அடியும் ஊர்விலக்கமும் கிடைத்தன. இன்று மேடையில் பறை அதிரும்போது சிலிர்க்கிற இளைஞர்கள் இந்த மறுப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். கருவியைத் தூக்கியது எவ்வளவு வீரமோ அவ்வளவு வீரம் அதைக் கீழே வைத்ததும்.

அதே காலத்தில், குறிப்பாக 1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த அலையில், இன்னொரு கூட்டம் பறையை விடுதலையின் கருவியாக எடுத்துக்கொண்டது. தலித் கலை விழாக்கள் வந்தன. சாவு வீட்டு வாசலில் நின்ற பறை மேடை ஏறியது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை எடுத்தார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசான் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் பறைக் கலைஞர்களைப் பற்றி முழுநீள ஆவணப்படங்கள் எடுத்தார். நம் ஆட்களும் கேமரா எடுத்தார்கள். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ 2017இல் வந்து, திரையிடல்கள் தடுக்கப்பட்டபோது யூடியூப் வழியாகத்தான் ஊர் ஊராகப் போனது.

இங்கே ஒரு நாளை நினைத்துக்கொள்ளாமல் போக முடியாது. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டம். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் உயிரிழந்தார்கள். அன்று கூட்டத்தில் யார் கையிலும் செல்போன் இல்லை. அந்த நாளை எங்கள் தலைமுறைக்குக் கொண்டுவந்து சேர்த்தது வீரவணக்கக் கூட்டங்களின் பாட்டும் பறையும்தான். கலை என்ன செய்யும் என்று கேட்கிறவர்களுக்கு நாங்கள் இதைத்தான் சொல்வோம்.

பிறகு 2016இல் ஜியோ வந்தது. டேட்டா மலிந்தது. டிக்டாக் வந்ததும், ஸ்டுடியோ வாசலைக்கூடப் பார்த்திராத பையன்கள் பதினைந்து நொடியில் முகம் காட்டினார்கள். அவர்களைப் பார்த்து “டேஸ்ட் இல்லை” என்று முகம் சுளித்தவர்களை நாங்கள் நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அதே செயலியில் சாதிப் பெருமை வீடியோக்களும் அரிவாள் வீடியோக்களும் நிரம்பி வழிந்தன என்பதும் உண்மை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. ஒரே இரவில் எத்தனையோ பேருடைய மொத்தப் பதிவுகளும் போயின. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் இங்கே வந்தன. நாங்கள் கற்ற பாடம் எளிமையானது: எடுத்த வீடியோவின் மூலக் கோப்பை ஹார்ட் டிஸ்கில் வை. கம்பெனியின் மேடை நம் வீடு ஆகாது.

கானாவின் கதை இதற்குக் கொஞ்சம் முன்னே ஓடுகிறது. வடசென்னைச் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடப்பட்ட பாட்டு, சினிமா எடுத்து விற்ற பாட்டு. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்னெடுத்த ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடை ஏறியது. அந்தப் பெயருக்குள் அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற’ இருக்கிறது. அதில் பாடிய இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. மார்கழி என்றால் சபா என்றிருந்த ஊரில் இந்தத் தலைப்பே போதும்.

ஆனால் பார்வை எண்ணிக்கை கூடினால் எல்லாம் மாறிவிடும் என்று நினைக்கிற தோழர்களுக்கு ‘என்ஜாயி எஞ்சாமி’யை நினைவுபடுத்த வேண்டும். 2021 மார்ச்சில் வந்து கோடிக்கணக்கானவர்கள் பார்த்த பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு எழுதிய வரிகள். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. ரஞ்சித் பொதுவில் கேள்வி எழுப்பிய பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. மறு வருடம் மாமல்லபுரம் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடந்த தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது. மேடையில் அறிவு இல்லை. கோடிப் பார்வை கிடைத்த கலைஞனுக்கே இந்த நிலை என்றால் எங்கள் ஏரிக்கரைப் பெரியவரை யார் கேட்கப் போகிறார்கள்?

2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோதும் இதைத்தான் பார்த்தோம். விமான நிலைய வரவேற்பில் தப்பாட்டம். கடற்கரைக் கோயில் மேடையில் கலாக்ஷேத்ரா. வாசலில் நிற்பது யார், உள்ளே உட்காருவது யார் என்பதில் மட்டும் நெறிமுறை பிசகவே பிசகாது.

சின்ன வீடியோவுக்குப் பலம் இல்லை என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம். 2021இல் மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து விரட்டப்பட்டதாக ஒரு நரிக்குறவர் பெண் கேமரா முன் பேசினார். சில நிமிடப் பேச்சு. அது பரவியது. அமைச்சர் வந்து அதே கோயிலில் அவரோடு பந்தியில் உட்கார்ந்தார். அந்தத் தீபாவளி அன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கு வந்து பட்டா கொடுத்தார். அந்தப் பெண் தானாகப் பேச முன்வந்தார், தன் வார்த்தையில் பேசினார், தனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அதனால்தான் அந்த வீடியோவுக்கும் தர்ஸ்டனின் படத்துக்கும் அவ்வளவு தூரம்.

எங்கள் பெரியவரிடம் நாங்கள் என்ன கேட்டிருந்தோம்? “எடுத்துக்கலாமா ஐயா” என்று மட்டும். அவரும் “எடுத்துக்கப்பா” என்றார். அது எங்கே போகும், யார் பார்ப்பார்கள், மகனின் சாப்பாட்டு மேசை வரை போகுமா என்று அவருக்கு விளக்கவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. கீழே வந்த கமெண்டுகளில் பாதி “தமிழன் கலைடா” என்றன. அந்தத் தமிழர்களில் எத்தனை பேர் அவர் வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள் என்று தெரியாது. மீதியில் சாதியைச் சொல்லித் திட்டியவை நாங்கள் நீக்க நீக்க வந்தன.

குழுவுக்குள் சண்டை நடந்தது. “நீக்கினால் வெட்கத்துக்குப் பணிந்த மாதிரி” என்றார் ஒரு தோழர். அது இரட்டைமலையாரின் குரல். “வெட்கப்பட வேண்டியவன் திட்டுகிறவன். ஆனால் விலை கொடுப்பது அந்தப் பையன். நாம் இல்லை” என்றார் இன்னொரு தோழர். விடிய விடியப் பேசி, நீக்கினோம். லட்சம் பார்வை போனது. கஷ்டமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் முறை மாறியது. எடுத்ததை முதலில் கலைஞருக்கும் வீட்டாருக்கும் போட்டுக் காட்டுகிறோம். பெயர் போடலாமா, ஊர் போடலாமா என்று தனித்தனியாகக் கேட்கிறோம். சாவு வீட்டில் கேமரா எடுப்பதில்லை. எப்போது வேண்டாம் என்றாலும் காரணம் கேட்காமல் நீக்குகிறோம். இதனால் வீடியோக்கள் குறைந்தன, கூத்துக்காரர்கள் மட்டும் அதிகமாகச் சிரித்தார்கள். இரவு பத்து மணிக்குக் கட்டியங்காரன் வந்தால் விடியும் வரை ஆடுகிற கூத்தை ஒரு நிமிடத்தில் எப்படி எடுப்பீர்கள் என்று அவர்கள் கேட்டதற்கு எங்களிடம் இன்றுவரை பதில் இல்லை. ஷார்ட்ஸை 2024 அக்டோபரில் மூன்று நிமிடமாக்கினார்கள். மூன்று நிமிடத்தில் முகத்துக்கு அரிதாரம்கூடப் பூசி முடியாது.

பெரியவரின் வீடியோவை மெமரி கார்டில் போட்டு அவரிடமே கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து வரச்சொன்னார். போனில் அதை ஓட்டிக் காட்டி ஓர் இடத்தில் நிறுத்தினார். “இங்க பாரு. சிண்டுக்குச்சி பின்தங்கிருச்சு. தோல் சரியா காயல. இதையா ஊரெல்லாம் பாத்துச்சு?” என்றார். மகன் அப்போது உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும். “ஞாயித்துக்கிழம வைக்கோல் எடுத்து வைக்கிறேன், வாங்க. மறுபடி எடுக்கலாம். போடறதும் போடாததும் அவன்கிட்ட கேட்டுக்கங்க” என்றார்.