ஷாலுவும் அவளைச் செய்த வாத்தியாரும்

கோந்த்வாவில் எங்கள் குடியிருப்பில் தமிழ் பேசும் வீடு எங்களுடையது ஒன்றுதான். காலையில் நானும் மனைவியும் வேலைக்குக் கிளம்பி, பையனும் ஸ்கூலுக்குப் போய்விட்டால் அம்மாவுக்குப் பேச்சுத்துணை கிடையாது. வீட்டு வேலைக்கு வரும் மராத்திப் பெண்ணிடம் "ஹோ", "நகோ" என்று இரண்டு வார்த்தை, அவ்வளவுதான்.

போன ஞாயிறு டிவியில் எந்திரன். பார்த்து முடித்துவிட்டு அம்மா கேட்டாங்க: "நிசமாவே இப்படி யாராச்சும் செஞ்சிருக்காங்களாப்பா?"

செஞ்சிருக்காங்க, அதுவும் மும்பை பவாயில் என்றேன். நம்பவில்லை.

பி.காம் படித்தவன் நான், இயந்திரம் பற்றிப் பேசுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான் :-) ஆனாலும் சொல்லியே ஆகவேண்டிய கதை. ஐஐடி வளாகத்தில் உள்ள கேந்திரிய வித்யாலயாவில் கம்ப்யூட்டர் ஆசிரியர் தினேஷ் படேல். உத்தரப் பிரதேசத்து ஜவுன்பூர்க்காரர், நம்மைப் போலவே பிழைக்க வந்தவர். எந்திரனின் இந்திப் பதிப்பான 'ரோபோட்'டைப் பார்த்து இவருக்கு ஆசை வந்தது. ஆராய்ச்சிக்கூடம் இல்லை, உதவிக்குக் குழுவும் இல்லை. அட்டை, மரம், பிளாஸ்டிக், அலுமினியம் என்று கழித்துப்போட்ட சாமான்களை வைத்துத் தனியாளாக ஒரு பெண் உருவத்தைச் செய்தார். மூன்று வருட உழைப்பு, செலவு சுமார் 50,000 ரூபாய். பேங்க் புத்தி சும்மா இருக்குமா, வகுத்துப் பார்த்தேன். மாசம் 1,400 ரூபாய்கூட இல்லை!

பெயர் ஷாலு. 2021இல் பத்திரிகைகளில் வந்தாள். கை குலுக்குவாள், ஆளை அடையாளம் கண்டு ஞாபகம் வைத்துக்கொள்வாள், பொது அறிவுக் கேள்விக்குப் பதில் சொல்வாள். 9 இந்திய மொழி, 38 வெளிநாட்டு மொழி, ஆக 47.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. எந்திரனுக்கு வசனம் எழுதியவர்களில் ஒருவர் சுஜாதா. படம் வந்தது 2010இல், அவர் 2008லேயே போய்விட்டார். அவருடைய 'என் இனிய இயந்திரா'வில் கணவனைக் காணாமல் தவிக்கும் நிலாவுக்குத் துணை ஜீனோ என்கிற இயந்திர நாய். எண்பதுகளில் விகடனில் வந்தபோது வாராவாரம் அதற்காகக் காத்திருந்த வீடு எங்களுடையது. இன்னும் பின்னால் போனால் சீவக சிந்தாமணியில் மயிற்பொறி. நிறைமாத விசயையைச் சச்சந்தன் அதில் ஏற்றி அனுப்புகிறான், அது அவளைச் சுடுகாட்டில் இறக்குகிறது. 'ரோபோ' என்ற சொல்லோ, செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 1920ஆம் வருட நாடகத்தில் பிறந்தது. செக் மொழியில் அதன் வேர் கட்டாய உழைப்பைக் குறிக்கும். அவர்களுக்கு அது கொத்தடிமை, நமக்குக் கதையில் துணை. இந்த வித்தியாசம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாங்க.

"தமிழ் பேசுமா?"

"அந்த ஒன்பதில் தமிழும் உண்டும்மா."

"சாப்டியான்னு அதுவா கேக்குமா, நாம கேட்டாத்தான் பேசுமா?"

பதில் சொல்லாமல் டிவியை அணைத்தேன். இப்போது மதியம் ஒன்றரைக்கு கவுண்டரை மூடியதும் முதலில் வீட்டுக்குத்தான் போன் போடுகிறேன்.