ஓவியம் பார்க்கப் போனவங்களையே ஓவியமாக்கிட்டாங்க!

ஓவியக் கண்காட்சிக்குப் போயிருக்கீங்களா? ஒரு படத்துக்கு முன்னாடி நின்னு, எதுவும் புரியாம, பக்கத்துல இருக்கிறவர் தலையாட்டுறதைப் பார்த்து நாமும் தலையாட்டிட்டு, ஒரு செல்ஃபியோட நகர்ந்திருப்போம். கூச்சப்படாதீங்க. இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே இப்படி மாட்டிக்கிட்டவங்க இருக்காங்க. அவங்களைக் கலாய்ச்சு அச்சடிச்ச படங்கள், இன்னைக்கு அருங்காட்சியகங்கள்ல பத்திரமா இருக்கு!

படிக்கட்டுல நடந்த கூத்து

லண்டனின் ராயல் அகாடமி, 1780 முதல் 1836 வரை தன் ஆண்டுக் கண்காட்சியை சாமர்செட் ஹவுஸில் நடத்தியது. ஓவியங்கள் இருந்த பெரிய அறை உச்சி மாடியில். அங்கே போக, செங்குத்தான வளைவுப் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறணும்.

கேலிச்சித்திரக்காரர் தாமஸ் ரோலண்ட்சன் வரைந்தது அந்தப் படிக்கட்டைத்தான்! பெண்கள் ஒருத்தர் மேல ஒருத்தர் உருண்டு விழறாங்க. கைகொடுக்க வேண்டிய ஆண்களோ, வெறிச்சுப் பார்த்துட்டு நிக்கிறாங்க. ஆங்கிலத்தில் படிக்கட்டையும் உற்றுப் பார்ப்பதையும் குறிக்கும் சொற்கள், உச்சரிப்பில் ஒண்ணுதான்: ‘ஸ்டேர்’. அந்தச் சிலேடையையே படத்துக்குத் தலைப்பா வெச்சார். கலையை ரசிக்க வந்ததா சொல்றவங்க உண்மையில எதைப் பார்க்கிறாங்கன்னு போட்டு உடைச்சுட்டார்.

ராஜாவில் ஆரம்பிச்சு ரசிகர் வரை

பாரிஸில் இந்தக் கலாய்ப்பின் மன்னன் ஒனொரே டோமியே. மன்னர் லூயி ஃபிலிப், மக்கள் பணத்தை விழுங்கும் பெருந்தீனிக்காரரா இருப்பதுபோல 1831-ல் வரைந்து, ஆறு மாத சிறைத்தண்டனை வாங்கியவர். 1835-ல் வந்த தணிக்கைச் சட்டம் அரசியல் கார்ட்டூன்களின் வாயை அடைத்தது. டோமியேவின் பார்வை சாதாரண மனிதர்கள் பக்கம் திரும்பியது.

அவர் கையில் இருந்தது லித்தோகிராஃப். எண்ணெய்ப்பசையுள்ள கிரேயானால் கல்லில் வரைஞ்சு, தண்ணீரால் நனைச்சு, மையை உருட்டினா கோடுகள்ல மட்டும் மை ஒட்டும். செதுக்குற வேலையே இல்லை. அதனால, கண்காட்சி சூடு ஆறுவதற்குள் ‘லெ ஷாரிவாரி’ பத்திரிகையில் படம் வந்துடும்.

1864-ல் வந்த படத்தில் ரெண்டு பெண்கள், ‘இந்த வருஷமும் வீனஸ்தானா!’ங்கிற ரீதியில அலுத்துக்கிறாங்க. 1865-ல் மானேயின் ‘ஒலிம்பியா’ ஓவியம் பாரிஸையே கொதிக்க வெச்சது. டோமியேவின் படத்தில், ‘இந்தம்மாவுக்கு ஏன் ஒலிம்பியான்னு பேரு?’ன்னு ஒருத்தர் குழம்ப, ‘அது அந்தக் கறுப்புப் பூனையோட பேரா இருக்குமோ!’ன்னு பதில் வருது.

சிரிச்சவருக்கு நடந்தது

நாலாயிரம் லித்தோகிராஃப் அளவுக்கு வரைந்த டோமியே, ஓவியரும்கூட. ஆனா, பெரும்பாலானவங்களுக்கு அவர் வெறும் கார்ட்டூனிஸ்ட். 1878-ல், பார்வை மங்கிப்போன அவருக்காக நண்பர்கள் பாரிஸில் ஓவியக் கண்காட்சி வெச்சாங்க. செலவழிச்ச காசுகூடத் திரும்பலை. அடுத்த வருஷமே இறந்துட்டார். கண்காட்சிக் கூட்டத்தை அத்தனை வருஷம் வரைஞ்சவரோட ஓவியங்களுக்குக் கூட்டம் சேரலை.

இப்போ அவற்றில் சில பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கு. அடுத்த முறை ஒரு ஓவியத்துக்கு முன்னாடி நிக்கிறப்போ, புரியலைன்னா தலையாட்டாதீங்க. பூனையைப் பற்றியாவது கேளுங்க. கேலிக்கு ஆளானாலும், அந்த ரெண்டு பேரும் படத்தைப் பார்த்துத்தானே பேசினாங்க!