ஜோகூர் சாம்பசிவமும் துப்பாக்கிச் சட்டமும்



சென்ற வாரம் வரலாற்றுப் பாடவேளையில் அவசரகாலத்தைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கி வைத்திருந்தோருக்கு அக்காலத்தில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது என்று சொன்னவுடன், பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன், “யாரையும் சுடலைன்னாலும் தூக்கா சார்?” என்று கேட்டான். ஆம் என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. அவனுக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

1948 ஜூன் 16ஆம் நாள் பேராக், சுங்கை சிப்புட்டில் ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலாயாக் கூட்டரசு பிறந்து அப்போது ஐந்து மாதங்கூட நிறைவடையவில்லை. ஒன்பது மலாய் மாநிலங்களுக்கும் பினாங்கு, மலாக்காவுக்கும் பொதுவாகக் கூட்டரசு எடுத்துக்கொண்ட முதல் பெரும் அதிகாரம் இதுவே எனலாம். அவசரகால ஒழுங்குவிதிகளின் நான்காம் விதி, உரிய அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மரண தண்டனைக் குற்றமாக்கியது. கொலை நடந்திருக்க வேண்டியதில்லை. குண்டு வெடித்திருக்கவும் வேண்டியதில்லை. இடுப்பில் இருந்தால் போதும்.

இவ்விதிக்கு இரையானோருள் நம்மவர் நன்கறிந்த பெயர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மண்ணில் பிறந்து, சிறு வயதிலேயே சிங்கப்பூர் வந்து, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றி, போருக்குப் பின் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானவர். அச்சம்மேளனம் 1948 ஜூனில் தடை செய்யப்பட்டது. 1949 மார்ச் 1ஆம் நாள் ரவாங்கை அடுத்த வாட்டர்ஃபால் தோட்டத்தின் அருகே அவர் கைதுசெய்யப்பட்டபோது ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது வழக்கு. அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவே எடுத்துச் சென்றதாக அவர் கூறினார். மார்ச் 15இல் தீர்ப்பு வந்தது. இந்திய அரசு தலையிட்டு மன்றாடியும் பயனில்லை. மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள்தான் மற்றொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கணபதிக்கு நம்மிடையே கட்டுரைகளும் நினைவுக் கூட்டங்களும் உண்டு. ஆனால் நம் ஜோகூரிலேயே, அதே விதியின்கீழ்த் தூக்குமேடையின் விளிம்புவரை சென்று மீண்ட ஒரு தமிழரை ஜோகூர்த் தமிழர்களே மறந்துவிட்டோம். அவர் பெயர் சாம்பசிவம். உலகெங்கும் சட்டம் பயிலும் மாணவர்கள் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள், நாம் படிப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: துப்பாக்கி ஏந்தியது ஒன்று, தோட்டாக்கள் வைத்திருந்தது மற்றொன்று. அக்கால முறைப்படி நீதிபதியுடன் அசெசர்கள் எனப்பட்ட ஆலோசகர் இருவர் அமர்ந்து வழக்கைக் கேட்டனர். தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து சாம்பசிவம் விடுதலை பெற்றார். துப்பாக்கிக் குற்றச்சாட்டுக்கு மட்டும் மறுவிசாரணைக்கு ஆணையிடப்பட்டது. மறுவிசாரணையில் அரசுத் தரப்பு, அவர் போலீசாரிடம் கொடுத்ததாகக் கூறப்பட்ட ஒரு வாக்குமூலத்தை முன்வைத்தது. துப்பாக்கியும் தோட்டாக்களும் தம்மிடம் இருந்தன என்று அவர் ஒப்புக்கொண்டதாக அதில் எழுதியிருந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1950இல் வந்த தீர்ப்பின் சாரம் இதுதான். தோட்டாக் குற்றச்சாட்டில் அவர் நிரபராதி என்று ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அவரை மீண்டும் அதே குற்றத்திற்கு விசாரிக்கக்கூடாது என்பதோடு அத்தீர்ப்பின் வலிமை முடிந்துவிடாது. பின்வரும் விசாரணைகளிலும் அதை உண்மை என்றே ஏற்க வேண்டும். அப்படியானால் வாக்குமூலத்தின் ஒரு பாதி பொய் என்றாகிறது. பாதி பொய்யானதன் மறுபாதியை எப்படி நம்புவது? இதனை அசெசர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லப்படவில்லை. ஆகவே தண்டனை நீக்கப்பட்டது.

சாம்பசிவத்தைப் பிரிவி கவுன்சில் வீரர் என்றோ தியாகி என்றோ சொல்லவில்லை. அவசரகால விதியைக் கண்டிக்கவும் இல்லை. மெய்ப்பித்த முறை தவறு என்றது, அவ்வளவே. கடுமையான சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று நம்மவர் வாதிடும்போதெல்லாம் இந்த வேறுபாடு காணாமற் போய்விடுகிறது என்பது என் கருத்து.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன் 57ஆம் பிரிவு பழைய நான்காம் விதியின் மறுபிறப்பு. ஆனால் ஒரு வரம்பு இருந்தது: ‘பாதுகாப்புப் பகுதி’ என அறிவிக்கப்பட்ட இடங்களுக்கே அது பொருந்தியது. வன்முறை மிகுந்த இடத்தில் கடுமை, மற்ற இடத்தில் இயல்பான சட்டம் என்பது ஏற்கத்தக்க எண்ணமே. 1969 மே கலவரத்தின்போது தீபகற்பம் முழுவதும் பாதுகாப்புப் பகுதியானது. கலவரம் ஓய்ந்து பல ஆண்டுகள் கடந்தும் அந்த அறிவிப்பு நீடித்தது. 1977இல் பினாங்கைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கைத்துப்பாக்கி வைத்திருந்ததற்காக இப்பிரிவின்கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் கருணை காட்டப்பட்டு ஹென்றி கர்னி சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான்.

இதற்கிடையே 1971இல் சுடும் ஆயுதங்கள் தண்டனை உயர்வுச் சட்டம் வந்தது. கொள்ளை, ஆட்கடத்தல் போன்ற குற்றங்களின்போது சுட்டால், எவரும் காயமடையாவிடினும் மரணம். உடன் சென்றவனுக்கும் அதே தண்டனை. சுடுவதைத் தடுக்கத் தன்னால் இயன்ற அனைத்தையும் செய்ததாக அவனே மெய்ப்பித்தால் மட்டும் தப்பலாம்.

இந்த ‘உடன் சென்றவன்’ என்னும் சொல்லை நான் கடந்து போக முடியாமைக்குக் காரணம் உண்டு. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டு, உறுப்பினருள் பெரும்பாலோர் இந்தியர் என்றது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஒரு மாலை, என் முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார் பள்ளி வாசலில் காத்திருந்தார். மகன் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டிருந்தான். “மோட்டார்ல பின்னால உக்காந்திருந்தான் சார், அவ்வளவுதான்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் என்னிடம் ஆத்திசூடி ஒப்புவித்தவன். அந்தக் கொள்ளையில் குண்டு வெடித்திருக்கவில்லை, சிறையோடு போயிற்று. வெடித்திருந்தால் பின்னிருக்கைக்கும் முன்னிருக்கைக்கும் சட்டத்தில் வேறுபாடு இருந்திருக்காது.

2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. இப்போது இச்சட்டத்தின்கீழ் நீதிபதி தூக்கையோ, 30 முதல் 40 ஆண்டுச் சிறையுடன் பன்னிரண்டுக்குக் குறையாத பிரம்படிகளையோ விதிக்கலாம்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பின்வரிசை மாணவன் நாட்காட்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தான். கணபதி பிடிபட்ட நாளிலிருந்து தூக்கிலிடப்பட்ட நாள் வரை அறுபத்து நான்கு நாள். “சரியா சார்?” என்றான். சரி என்று கரும்பலகையில் எழுதச் சொன்னேன்.