முடங்கும் நிரலும் பிழைப் பெட்டியும்

வீட்டுக் கணினியில் ஒரு நிரல் அடிக்கடி முடங்கும்போது, கோளாறு அந்த நிரலில் உள்ளதா, இயங்குதளத்தில் உள்ளதா, நினைவகச் சில்லில் உள்ளதா என்று பிரித்தறிவதே முதல் வேலை. அதற்கு வேண்டிய சான்று யார் கையில் இருந்தது என்பதுதான் காலந்தோறும் மாறிவந்துள்ளது.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் 8088 செயலிக்கு ஒரு நிரலின் நினைவகப் பகுதியில் மற்றொன்று கைவைப்பதைத் தடுக்கும் ஆற்றல் இல்லாததால், தவறான முகவரியில் எழுதிய நிரல் டாஸ் இயங்குதளத்தையே குலைத்துவிட, திரை எந்தச் செய்தியுமின்றி உறைந்து நிற்கும். நினைவகப் பழுதைப் பொறுத்தவரை அதே கணினி மிகுந்த கவனத்துடன் வடிவமைக்கப்பட்டிருந்தது. எட்டு பிட்டுகள் கொண்ட ஒவ்வொரு பைட்டுடனும், அவற்றிலுள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று சரிபார்க்க உதவும் ஒன்பதாவது பிட் ஒன்று, அதாவது பாரிட்டி பிட், சேர்க்கப்பட்டிருந்தது. ஒரு பிட் பிறழ்ந்தாலும் கணினி ‘பாரிட்டி செக்’ என்று அறிவித்து நின்றுவிடும். 1990களில் விலையைக் குறைக்கும் போட்டியில் வீட்டுக் கணினிகள் இந்தப் பிட்டைக் கைவிட்டது பெரும் இழப்பு. பழுதான நினைவகம் அதன்பின் நிரல்களின் பிழையைப்போலவே தோன்றலாயிற்று. இயங்குதளத்தின் துணையின்றித் தானே தொடங்கி, நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் எழுதிப் படித்து ஒப்பிடும் மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரல்கள் இதனால்தான் தேவைப்பட்டன.

1982இல் வந்த 80286 செயலி நினைவக எல்லைகளுக்குக் காவல் வைத்தது. எல்லை மீறும் நிரலைச் செயலி தடுத்து நிறுத்துவதையே 1992இன் விண்டோஸ் 3.1 ‘ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட்’ என்று அறிவித்தது. விண்டோஸ் 95இன் பிழைப் பெட்டியிலோ ‘டீடெய்ல்ஸ்’ பொத்தானை அழுத்தினால், கெர்னல்32.டிஎல்எல் என்பதுபோல, பிழை நிகழ்ந்த மென்பொருள் கூறின் (மாட்யூல்) பெயரும் முகவரி எண்ணும் தெரியவரும். அங்கே பெயர் காணப்படும் கூறே குற்றவாளி என்று முடிவுகட்டியோர் பலர். அது நிரல் விழுந்த இடமே தவிர, இடறிய இடமாக இருக்கவேண்டியதில்லை. அனுபவமுள்ளோர் ஒரு செய்தியை நம்பாமல் பலவற்றை எழுதிவைத்து ஒப்பிட்டனர்: ஒரே கூறும் ஒரே முகவரியும் திரும்பத் திரும்ப வந்தால் மென்பொருள் மீதும், வெவ்வேறு நிரல்கள் வெவ்வேறு முகவரிகளில் விழுந்தால் நினைவகம், வெப்பம், மின்வழங்கி ஆகியவற்றின் மீதும் ஐயம் கொண்டனர்.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, இந்த ஒப்பீட்டு வேலையை வீட்டிலிருந்து மைக்ரோசாஃப்டின் வழங்கிகளுக்குக் கொண்டுசென்றது. பயனர் இசைந்து அனுப்பும் பிழை அறிக்கைகள் நிரல், கூறு, அவற்றின் பதிப்பு, முகவரி ஆகியவற்றின்படி தொகுக்கப்பட்டன. பிழைகளில் ஒரு விழுக்காடே முடக்கங்களில் பாதிக்குக் காரணம் என்று 2002இல் மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைமைச் செயல் அலுவலர் ஸ்டீவ் பால்மர் எழுதினார். கோடிக்கணக்கானோருக்கு இது பெரும் நன்மை. ஆனால் ஒரு வீட்டின் நினைவகச் சில்லு மட்டும் பழுதானால், அதன் முடக்கங்கள் பல தொகுப்புகளில் சிதறிப்போவதால், அந்த வீட்டாருக்குத் தொகுப்பு முறை அவ்வளவாக உதவுவதில்லை. விண்டோஸ் விஸ்டாவில் நினைவகச் சோதனைக் கருவியும், முடக்கங்களை நாள்வாரியாகக் காட்டும் ரிலயபிலிட்டி மானிட்டரும் சேர்க்கப்பட்டபோது அந்தக் குறை ஓரளவு நீங்கியது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 1000 என்ற எண்ணுடன் பதிவாகும் முடக்கக் குறிப்பில் கூறின் பெயரும், பிழைக் குறியீடும், கூறுக்குள் பிழை நிகழ்ந்த இடமும் இன்றும் உள்ளன; நான்கைந்து பதிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அவை ஒத்திருக்கின்றனவா, சிதறுகின்றனவா என்பது வீட்டிலிருப்பவருக்கே தெரிந்துவிடும்.