கண்ணுக்குத் தெரியாத காற்றைக் காட்டிய ரேடார்

அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, மழையே இல்லாத இடத்தில் காற்று வீசுவதை எப்படிப் பார்ப்பது?" என்று கேட்டான். அவனுக்கு நான் கூறிய வரலாற்றையே இங்கும் எழுதுகிறேன். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல உகந்தது.

1945 ஆகஸ்டு 9ஆம் நாள், ஜப்பானின் கொக்குரா நகர்மீது வீச வேண்டிய அணுகுண்டு, தரை தெளிவாகத் தெரியாததால் நாகசாகியில் வீசப்பட்டது. கொக்குராவை அடுத்த கல்லூரி ஒன்றில் பணியாற்றிய இளைஞர் தெத்சுயா புஜிதா உயிர் தப்பினார். சில வாரங்களில் நாகசாகிக்குச் சென்று ஆராய்ந்தார். குண்டு வெடித்த இடத்திற்கு நேர் கீழே மரங்கள் நின்றிருந்தன. சுற்றிலும் இருந்தவை வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்தன.

பின்னர் அவர் சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1974இல் அமெரிக்காவைச் சூறாவளிகள் தாக்கியபின் வானிலிருந்து பார்த்தபோது, காடுகளில் அதே கோலத்தில் மரங்கள் விழுந்திருக்கக் கண்டார்.

1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் தரையிறங்க வந்த விமானம் நொறுங்கி 113 பேர் மாண்டனர். சற்று முன்னர் வந்த சில விமானங்களோ பத்திரமாக இறங்கியிருந்தன. இடிமேகத்திலிருந்து கொட்டிய காற்றே காரணம் என்றார் புஜிதா. குழாய்த் தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழுந்து நாலாபுறமும் தெறிக்கிறதல்லவா, அதுபோலத்தான். அதனுள் நுழையும் விமானத்தை எதிர்க்காற்று முதலில் தூக்கும். மறுகணமே பின்காற்று தள்ள, தூக்குவிசை குறைந்து விமானம் தாழும். அத்தகைய காற்று தரையை எட்டுமுன்பே வலுவிழந்துவிடும் என்று அறிஞர் பலர் மறுத்தனர்.

வாதத்தை முடித்து வைத்தது டாப்ளர் ரேடார். நெருங்கி வரும் ஆம்புலன்சின் ஒலி உயர்ந்தும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதை நாம் அறிவோம். ரேடார் அனுப்பும் வானொலி அலையும் அவ்வாறே மாறித் திரும்புகிறது. மழைத்துளி இல்லாவிட்டாலும் காற்றில் மிதக்கும் தூசியும் சிறு பூச்சிகளும் அலையைத் திருப்பியனுப்பும் (மாணவன் கேள்விக்கு இதுதான் விடை). ஒரே சிறு பரப்பில் வேகங்கள் பலவாறு கலந்து திரும்பினால் அங்கே காற்று குமுறுகிறது என்று பொருள்.

1978இல் சிக்காகோ அருகே அந்தக் காற்று முதன்முறையாக ரேடாரில் பதிவானது. 1982இல் டென்வரில் 86 நாள்களில் 186 பதிவாயின! ஆயினும் அதே ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் அருகே 153 பேரும், 1985இல் டல்லசில் 137 பேரும் விமான விபத்துகளில் இறந்தனர். அதன் பின்னரே, 1990களில், அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் இதற்கென்றே தனி ரேடார்கள் நிறுவப்பட்டன. 1994இல் சார்லட் நகரில் இதே காற்றில் சிக்கி 37 பேர் உயிரிழந்தபோது, அங்கு நிறுவத் திட்டமிட்டிருந்த ரேடார் இன்னும் வந்து சேரவில்லை.